55 வயதுக்குப் பிறகு புடவை அலமாரி: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றிக்கொள்வது?

முல்லைக்கொடி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுத்து வருகிறேன். வரும் மே மாதத்துடன் 60 வயது நிறைந்து பணி ஓய்வு பெறுகிறேன். சென்ற வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது 137 புடவைகள் இருந்தன. சென்ற ஓராண்டில் நான் கட்டியவை அவற்றில் இருபதுக்குள்தான் இருக்கும். மற்றவையும் நல்ல புடவைகள்தான், ஆசை ஆசையாக வாங்கியவைதான். ஆனால் சிலவற்றைக் கட்ட உடம்பு இடம் கொடுப்பதில்லை, சிலவற்றைக் கட்ட ஊர்வாய் இடம் கொடுப்பதில்லை.

முதல் தொல்லை ஜாக்கெட். கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் அடிப்பட்டி அப்படியே மேலேறி மார்பின் கீழ் வந்து நின்றுவிடுகிறது. பிள்ளைகள் பக்கம் திரும்புவதற்கு முன் இடது கையால் அதை இழுத்து விட்டுக்கொள்வதே பழக்கமாகிவிட்டது. அக்குள் பிடிக்கிறது என்று தையற்கடையில் சொன்னேன். கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டிக் கொடுத்தார்கள். அதன்பிறகு முன்னைவிட மோசமாக ஏறுகிறது. சர்க்கரை இருப்பதால் வலது தோளும் இறுகிக் கிடக்கிறது. கையைப் பின்னால் கொண்டுபோக முடியாததால் பின்ஹூக் வைத்த எட்டு ஜாக்கெட்டுகள் அலமாரியிலேயே தூங்குகின்றன.

இரண்டாவது, பட்டின் எடை. உறவினர் திருமணத்துக்குக் காலை ஆறு மணிக்குக் கட்டினால் பத்து மணிக்குள் தோள்பட்டை கெஞ்சுகிறது. என் கூறைப் புடவையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்; 940 கிராம் காட்டியது.

மூன்றாவதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. என் கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற தை மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வாடாமல்லி நிறத்தில் சுங்குடி கட்டிப் போனேன். நாத்தனார் என்னைத் தனியே அழைத்து, "பேரன் எடுத்தாயிற்று, அண்ணனும் இல்லை, இனிமேல் இந்த நிறமெல்லாம் எதற்கு அண்ணி?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முதல் அந்தப் புடவையை நான் தொடவில்லை.

மகளோ எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சுடிதாருக்கு மாறச் சொல்கிறாள். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

ஊசிமுனை:

வணக்கம் அம்மா. ஈரோட்டில் 26 ஆண்டுகளாகப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் 50 வயதைத் தாண்டியவர்கள் என்பதால் உங்கள் முதல் தொல்லைக்கு என்னால் விவரமாகவே பதில் சொல்ல முடியும்.

கைக்குழியை ஆழமாக வெட்டியதுதான் தவறு. எங்கள் தொழிலில் பெரும்பாலோர் செய்யும் தவறும் இதுவே. அக்குள் பிடிக்கிறது என்றதும் கத்தரியைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். கைக்குழி கீழே இறங்க இறங்கக் கையும் உடம்புத் துணியும் சேரும் இடம் இடுப்பை நோக்கிப் போகிறது. அப்போது கையைத் தூக்கினால் கையோடு சேர்ந்து முழு ஜாக்கெட்டும் எழும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்து, கைப்பகுதியின் சுற்றளவு தாராளமாக இருந்தால் கை மட்டும் எழும். உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். ஆகவே தையற்கடையில் "அக்குளைப் பெரிதாக்குங்கள்" என்று சொல்லாதீர்கள். "குழியை ஏற்றி வையுங்கள், கைச்சுற்றில் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விடுங்கள்" என்று சொல்லுங்கள். ஏற்கெனவே ஆழமாக வெட்டிவிட்ட ஜாக்கெட்டுகளில் அக்குளில் இரண்டரை அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலை திருப்பி ஒட்டுப் போட்டால் ஓரளவு சரியாகும். புடவை கட்டிய பிறகு அந்த ஒட்டு வெளியே தெரியாது.

அடுத்து, அளவு ஜாக்கெட். பெண்கள் ஆறேழு ஆண்டுகளுக்கு முன் நன்றாக அமைந்த ஒரு ஜாக்கெட்டைப் பொக்கிஷம்போல வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் அதையே கொடுத்து, "இதேபோலத் தையுங்கள், சுற்றளவு மட்டும் ஓர் அங்குலம் கூட்டுங்கள்" என்கிறார்கள். இந்த வயதில் மாறுவது சுற்றளவு மட்டும் அன்று. தோள் சற்று முன்னே வளைகிறது. அதனால் முதுகின் நீளம் கூடி, முன்பக்க நீளம் குறைகிறது. மார்பு இறங்குகிறது. மேற்கை பருக்கிறது, தோள் அகலமோ அப்படியே இருக்கிறது, சிலருக்குக் குறையவும் செய்கிறது. பழைய அளவை எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கூட்டினால் முன்கழுத்து தொங்கும், பின்பக்கம் ஏறும், தோள் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒருமுறை டேப் வைத்து உடம்பில் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். முதுகு நீளத்தையும் முன்நீளத்தையும் தனித்தனியே எடுக்க வேண்டும். டக், அதாவது மார்புப் பகுதியில் பிடிக்கும் மடிப்புத் தையல், எங்கே முடிய வேண்டும் என்பதைத் தோளிலிருந்து அளந்து குறிக்க வேண்டும். தினமும் எந்த உள்ளாடையை அணிவீர்களோ அதை அணிந்துகொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும்.

பின்ஹூக் எட்டையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பின்பக்கத்தை மூடித் தைத்துவிட்டு முன்பக்கத்தைத் திறந்து பட்டி வைக்கலாம், துணி மட்டும் கொஞ்சம் ஒட்டுப் போட வேண்டியிருக்கும். தோள் இறுகியவர்களுக்கு ஹூக்கைவிடப் பிரஸ் பட்டன் எளிது. அதையும் ஒரு கையால் அழுத்தும்படி பெரியதாக வைக்கச் சொல்லுங்கள்.

இனி வாங்கப்போகும் புடவைகளுக்கு ஒன்று. புடவையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். முழங்கை வரை கை வேண்டும், உடம்பும் சற்றுப் பருமன் என்றால் அது போதாது. போதாத துணியில் தைப்பவர் முதலில் கை வைக்கும் இடம் உள்மடிப்பு. அதை அரை அங்குலமாக்கிவிடுவார். நாளைக்குப் பிரித்துவிட வழியிருக்காது. தனியாக ஒரு மீட்டர் டூ பை டூ ஜாக்கெட் துணி எடுத்துக்கொடுத்து, பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். லைனிங் துணி பருத்தியாகவே இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் அதை ஒருமுறை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும்.

தறிவாசல்:

முல்லைக்கொடி அவர்களுக்கு வணக்கம். நான் காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்தவள். பிறகு 20 ஆண்டுகள் புடவைக் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். எடையைப் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் கூறைப் புடவை 940 கிராம் இருப்பதில் வியப்பில்லை. காஞ்சிப் பட்டின் இழையே முறுக்கேற்றிய கெட்டி இழை. அதன்மேல் ஜரிகை. பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. அகலக் கரையும், முந்தி முழுக்க ஜரிகையும், உடலெங்கும் புட்டாவும் வைத்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? அதில் முந்தியின் எடை தோளில்தான் தொங்குகிறது. எனவே 55 வயதைத் தாண்டியவர்கள் பட்டு எடுக்கும்போது உடல் ஜரிகையைக் காட்டிலும் முந்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கடையில் புடவையைப் பிரித்து, முந்தியை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடைக்காரர் அடுத்ததை எடுத்துப் போட அவசரப்படுவார், நீங்கள் அவசரப்படாதீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் தோள் என்ன சொல்கிறதோ அதுதான் முகூர்த்த நேரத்திலும் சொல்லப்போகிறது.

எடை குறைய வேண்டும் என்பதற்காகக் காஞ்சிப் பட்டையே விட வேண்டியதில்லை. கரையில் மட்டும் ஜரிகை வைத்த கோர்வைப் புடவைகள், அதாவது உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாவால் நெய்து இணைக்கும் புடவைகள், உடல் வெறுமையாகவோ சிறு கட்டமாகவோ கிடைக்கின்றன. ஜரிகையே இல்லாமல் நூல் கரை வைத்து நெய்ததும் உண்டு. அதற்கும் இறங்கினால் கோவை கோரா காட்டன்; பட்டும் பருத்தியும் கலந்ததால் பட்டின் பளபளப்பும் இருக்கும், காற்றும் போகும். தெலங்கானாவின் கத்வால் புடவையில் உடல் பருத்தி, கரையும் முந்தியும் பட்டு. விழாவுக்கும் நிற்கும், தோளையும் வருத்தாது. ராஜஸ்தானத்தின் கோட்டா மிக மெல்லியது. ஆனால் சதுரம் சதுரமாக ஊடுருவித் தெரியும் நெசவு என்பதால் உள்பாவாடை நல்லதாக, அதே நிறத்தில் இருக்க வேண்டும்.

அன்றாடத்துக்கு என்றால் நம் ஊர்ப் பருத்தியைச் சொல்வேன். மதுரைச் சுங்குடி, காரைக்குடிக் கண்டாங்கி இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. சுங்குடிக்கு 2005இலும் கண்டாங்கிக்கு 2019இலும் கிடைத்தது. இவற்றில் கண்டாங்கி தடித்த நூல். கட்டமும் அகலக் கரையும் கம்பீரமாக இருக்கும், ஆனால் முதல் பத்துச் சலவை வரை விறைப்பாக நிற்கும். பொறுமையுள்ளவர்கள் வாங்கலாம், துவைக்கத் துவைக்க அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நூல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்: 60ஆம் நம்பர் நூலைவிட 80 மெல்லியது, 100 அதைவிட மெல்லியது. கஞ்சியைப் பாதியாகக் குறையுங்கள். ஆசிரியைகள் மொடமொடவென்று கஞ்சி போட்டுக் கட்டியே பழகியவர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் கெட்டிக் கஞ்சி நூல்களுக்கு இடையிலுள்ள கண்களை அடைத்துக் காற்றைத் தடுக்கிறது; இடுப்பு மடிப்பில் தோலையும் உரசுகிறது.

வெண்தாமரை:

நான் ஓய்வு பெற்ற செவிலியர். மேலே ஜாக்கெட்டையும் புடவையையும் பேசினீர்கள். யாரும் பேசாத ஒன்று உள்பாவாடை நாடா. அதைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

2024ஆம் ஆண்டு நவம்பரில் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் மகாராஷ்டிரத்தின் வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு 70 வயது, மற்றவர் அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்தவர். ஒருவர் பாவாடை நாடாவையும், மற்றவர் பாவாடை இல்லாமல் புடவையையே நேராகவும், பல ஆண்டுகளாக இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி வந்ததால், விலாவுக்குக் கீழே தோல் தேய்ந்து, புண்ணாகி, ஆறாமல், கடைசியில் அது தோல் புற்றாக மாறியிருந்தது. முதலாமவருக்கு 18 மாதங்களாக அந்தப் புண் ஆறவில்லை. இப்படி ஆவது அரிது. யாரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் நாடா பதிந்து கறுத்த தடம், அரிப்பு, தோல் உரிதல் இவற்றை நான் வார்டில் எத்தனையோ பெண்களிடம் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அது பாவாடைத் தழும்புதானே சிஸ்டர்" என்று சிரிப்பார்கள். வயது ஏற ஏறத் தோல் மெலிகிறது, உலர்கிறது. முப்பதில் தாங்கிய நாடாவை அறுபதில் அதே தோல் தாங்காது.

மாற்றுவது எளிது. கயிறுபோன்ற உருண்டை நாடாவுக்குப் பதில் ஓர் அங்குல அகலமுள்ள தட்டை நாடா போடுங்கள். இடுப்புப் பட்டியை மூன்று அங்குல அகலமாகத் தைக்கச் சொல்லுங்கள்; எடை ஒரு கோட்டில் இல்லாமல் பரவி நிற்கும். முடிச்சை ஒரு நாள் இடப்புறம், ஒரு நாள் வலப்புறம் வையுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் தளர்த்திவிடுங்கள். ஆறாத புண் ஏதாவது இருந்தால் களிம்பு தடவிக்கொண்டே காலம் தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் புடவைக்குப் பொருத்தமான செருப்பு என்ற பேச்சுக்கு முன் காலுக்குப் பொருத்தமான செருப்பைப் பாருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் செருப்பு கழன்றுபோவதே தெரியாது. பின்னால் வார் உள்ள எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பு இப்போது பார்க்கவும் நன்றாகவே வருகிறது. மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்குப் பொருந்தினால்தான் நாள் முழுதும் பொருந்தும். புடவையின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் அரை அங்குலமாவது மேலே நிற்கட்டும். புதிய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கொசுவம் வைக்க வேண்டும். வெறுங்காலில் கட்டிவிட்டுப் பிறகு செருப்பை மாட்டினால் உயரம் மாறிவிடும். படியிறங்கும்போது கொசுவம் காலில் சிக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

திண்ணைக்காரி:

எல்லோரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. ஒத்துக்கொள்ளாதவள் என்ற முறையில் நானே தொடங்குகிறேன்.

எனக்கு 66 வயது. வயதுக்கு ஒரு தோரணை உண்டு என்று நம்புகிறவள் நான். என் பாட்டி அறுபதுக்கு மேல் காபிக்கொட்டை நிறமும் இலைப்பச்சையும் தவிர வேறெதுவும் கட்டியதில்லை. அவர் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். அந்த மதிப்பில் அவர் கட்டிய புடவைக்கும் பங்கு உண்டு. நாத்தனார் சொன்னதில் கைம்மையைப் பற்றிய பகுதியை நான் ஏற்கவில்லை. அது பழைய கொடுமை. ஆனால் வாடாமல்லி நிறம் இருபது வயதுப் பெண்ணின் நிறம், அறுபதில் அது கண்ணை உறுத்தும் என்பதில் தவறென்ன இருக்கிறது? கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. கட்டாமல் இருப்பதிலும் ஓர் அழகு இருக்கிறது என்கிறேன்.

தறிவாசல்:

திண்ணைக்காரி அம்மா, உங்கள் பாட்டியின் தோரணையை நான் மதிக்கிறேன். அந்த நிறங்கள் அவருக்குப் பிடித்திருந்து அவரே தேர்ந்துகொண்டவை என்றால் அதைவிட மேலானது இல்லை. ஆனால் நிறங்களுக்கு வயது உண்டு என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். என் கண்முன் ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.

தலை நரைத்தவுடன் முகத்தைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டம் மறைந்துவிடுகிறது. அந்த இடத்தைப் புடவையும் ஜாக்கெட்டும்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த நேரத்தில் பார்த்துச் சந்தனம், பாதாம், வெங்காயத்தோல் என்று வெளிறிய நிறங்களுக்குப் போனால் முகமும் சேர்ந்து வெளிறிப்போகும், பார்ப்பவர்கள், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ, பாசிப்பச்சை, மிளகாய்ப்பழச் சிவப்பு இவையெல்லாம் வெள்ளை முடிக்குப் பக்கத்தில் நிற்கும்போது வரும் எடுப்பு, கறுப்பு முடிக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. வாடாமல்லி கண்ணை உறுத்துவது நிறத்தால் அன்று. அது பெரும்பாலும் பளபளக்கும் செயற்கைத் துணியில் வருவதால். அதே நிறத்தைச் சாயம் ஊறிய பருத்தியில் பாருங்கள், ஒளியை வாரி அடிக்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். முல்லைக்கொடி அவர்கள் கட்டியது சுங்குடி என்பதைக் கவனியுங்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது அவருக்கு 50 வயது. அவர் பெயராலேயே காஞ்சிப் பட்டில் 'எம்.எஸ். நீலம்' என்று ஒரு நிறம் இன்றும் விற்கிறது. வயதாக ஆக அவர் அடர்ந்த நிறங்களை விட்டுவிடவில்லை. அவரிடம் அடக்கம் இல்லை என்று யாரும் சொன்னதும் இல்லை.

மணிப்புறா:

நிறத்தைப் பற்றி என் அனுபவத்தையும் எழுதுகிறேன். 52 வயதில் கணவரை இழந்தேன். பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து எனக்கு வந்தது வெளிர் சாம்பல் நிறப் புடவை. அதை எடுத்துக் கொடுத்த அண்ணியின் கை நடுங்கியது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது; அவருக்கும் விருப்பமில்லை, வழக்கம் என்பதற்காகக் கொடுத்தார். ஒன்றரை ஆண்டு அந்த மாதிரி நிறங்களிலேயே இருந்தேன். பிறகு ஒரு தீபாவளிக்கு என் மாமியார், அப்போது அவருக்கு 79 வயது, கடைக்கு என்னை அழைத்துக்கொண்டு போய் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவையைத் தாமே எடுத்து, "என் பையன் உனக்கு முதன்முதலில் எடுத்துக் கொடுத்த நிறம் இதுதான். அவனுக்குப் பிடித்ததை அவன் இல்லை என்பதற்காக நீ ஏன் விட வேண்டும்?" என்றார். அதன் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாமியாரே சொன்ன பிறகு கேட்க யார் இருக்கிறார்கள்?

எல்லோருக்கும் அப்படி ஒரு மாமியார் வாய்ப்பதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். முல்லைக்கொடி அக்கா, உங்கள் நாத்தனாரிடம் நேராகப் பேசுங்கள். "உங்கள் அண்ணன் இந்தப் புடவையைப் பார்த்து என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் அவரிடமிருந்தே வரட்டும்.

கார்காலம்:

ஊசிமுனை அவர்களிடம் ஒரு கேள்வி. எனக்கு 58 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் அறுவைச் சிகிச்சை செய்து, அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இடது கை அவ்வப்போது வீங்குகிறது. இறுக்கமான கை போடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதனால் ஜாக்கெட்டையே விட்டுவிட்டு வெளியே போக நேரும் நாட்களில் மட்டும் சுடிதார் அணிகிறேன். புடவை கட்ட வழியுண்டா?

ஊசிமுனை:

கண்டிப்பாக உண்டு அம்மா. இப்படி நான்கு பேருக்கு நான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். வீக்கம் அதிகமாக இருக்கும் மாலை நேரத்தில் தையற்கடைக்குப் போய் இரண்டு கைகளையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள்; இரு கைக்கும் ஒரே அளவு வைக்கக்கூடாது. இடது கை தளர்வாக, மணி வடிவில், கைவிளிம்பில் எலாஸ்டிக்கோ இறுக்கமான பட்டியோ இல்லாமல் இருக்கட்டும். வலது கையையும் அதே வடிவில் தைத்தால் வித்தியாசம் தெரியாது, அளவு மட்டும்தான் வேறு. முன்ஹூக் வையுங்கள். இடப்பக்கம் உள்ளே மென்மையான பருத்தியில் ஒரு பை தைத்தால் செயற்கை மார்புத் திண்டை அதில் வைத்துக்கொள்ளலாம்; உள்ளாடை அழுத்தும் நாட்களில் அது உதவும். அக்குள் தழும்பின்மேல் தையல் மடிப்பு உராயாதபடி அந்த இடத்தில் மடிப்பை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பைப்பிங் வைத்து மூடிவிடுவேன். எடை குறைந்த புடவையாக எடுத்து, முந்தியைப் பின் குத்தித் தோளில் நிறுத்துங்கள். உங்கள் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு அணியுங்கள்.

வெண்தாமரை:

சுடிதாரைப் பற்றியும் ஒரு சொல். மகள் சொன்னதை முற்றாக ஒதுக்க வேண்டாம் முல்லைக்கொடி. புடவையா சுடிதாரா என்று ஏன் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்? காலை நடைக்கும், பேருந்துப் பயணத்துக்கும், பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடவும் தளர்ந்த பருத்திக் குர்தாவும் நேர்க்கால் பேண்ட்டும் மிக வசதி. பக்கப் பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கைபேசியையும் மாத்திரையையும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டியதில்லை. தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கான ஆடை விதியிலேயே 2019இல் புடவையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் சுடிதாரும் இடம் பெற்றுவிட்டன. 60 வயதில் முதன்முதலாக அணிந்தால் யார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் முதல் வாரம் மட்டும்தான்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில், அதாவது பெரும்பாலோருக்கு 45க்கும் 55க்கும் இடையில், திடீரென்று உடம்பெல்லாம் பற்றி எரிவதுபோல் சூடு வரும். இந்த இழையைப் படிக்கும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த ஆண்டுகளில் பாலியஸ்டர் லைனிங்கை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

முல்லைக்கொடி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அதற்குள் நிறைய நடந்துவிட்டது.

137 புடவைகளையும் கட்டிலில் போட்டு, நிறத்தைப் பார்க்காமல் தூக்கிப் பார்த்தே பிரித்தேன். கனமான பட்டுகளில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன். கூறைப் புடவையின் மடிப்பில் ஜரிகை இற்றிருந்தது; எத்தனை ஆண்டுகள் ஒரே மடிப்பில் நெகிழிப் பையில் வைத்திருந்தேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது மடிப்பை மாற்றி வெள்ளை மல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பு மாற்ற நாட்காட்டியில் குறித்துவிட்டேன். நல்ல நிலையிலிருந்த ஏழு பட்டுகளை அக்கா மகள்களுக்கும், கஞ்சிப் பருத்திகளில் இருபத்திரண்டைப் பள்ளியில் வேலை செய்யும் ஆயாம்மாக்களுக்கும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். மீதியை ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உள்பாவாடைகள் ஆறும் தட்டை நாடாவுக்கு மாறிவிட்டன. வெண்தாமரை எழுதியதைப் படித்த அன்று இரவே கண்ணாடியில் இடுப்பைப் பார்த்தேன். வலப்புறம் விரல் அகலத்துக்குக் கறுத்த தடம் இருந்தது. 30 ஆண்டுகளாக அங்கே இருந்திருக்கிறது, நான் ஒருமுறைகூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. தோல் மருத்துவரிடம் காட்டினேன், புண் ஏதும் இல்லை என்றார்.

நாத்தனாரிடம் பேசினேன். மணிப்புறா சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணன் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பான்" என்றார். பிரிவு உபசார விழாவுக்கு அந்த வாடாமல்லிச் சுங்குடியையே கட்டப்போகிறேன். திண்ணைக்காரி அம்மா, உங்கள் கருத்தையும் நான் ஒதுக்கவில்லை. உங்கள் பாட்டியை நினைத்து ஒரு காபிக்கொட்டை நிறக் கண்டாங்கியும் வாங்கியிருக்கிறேன்.

ஊசிமுனை அவர்களுக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நீங்கள் சொன்னபடி குழியை ஏற்றி, முதுகையும் முன்பக்கத்தையும் தனியே அளந்து, வேறொரு தையற்கடையில் ஒரு ஜாக்கெட் தைத்து வாங்கியிருக்கிறேன். நின்று பார்த்தால் நன்றாக இருக்கிறது. மீதி ஜாக்கெட்டுகளுக்கு இதையே அளவாகக் கொடுக்கலாமா?

திண்ணைக்காரி:

கண்டாங்கிச் செய்தி எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. வாடாமல்லியை விழாவுக்குக் கட்டுங்கள். எனக்கு அந்த நிறம் இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் நீங்கள் அதைக் கட்டாமல் போயிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

ஊசிமுனை:

நின்று பார்த்தால் எல்லா ஜாக்கெட்டும் நன்றாகத்தான் இருக்கும் அம்மா. இரண்டு முறை துவைத்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு வகுப்பறைக்குப் போங்கள். கரும்பலகையின் மேல் வரியில் ஒரு முழுக் கணக்கை எழுதுங்கள். இடது கை தானாக இடுப்புக்குப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். போகவில்லை என்றால் அதையே அளவு ஜாக்கெட்டாக வைத்துக்கொள்ளலாம். போனால் அந்த ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள், எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.